ஊசியும் தந்தச் சிமிழும்



இல்லறத்தில் வாழ்வோர் தாம் செய்யும் கைவேலையிலும், அதற்குரிய கருவிகளிலும் மனமகிழ்ச்சி கொள்வது தகுமா? அன்றி, அம்மகிழ்ச்சியும் பகவன் புத்தர் துக்கத்தின் வேர் எனக் காட்டிய வேட்கையின் ஒரு கிளையேதானா? இஃது ஏட்டில் எழுந்த கேள்வி அன்று. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில், பௌர்ணமி நாளொன்றில், பஞ்சசீலம் ஏற்றபின் கலைந்துகொண்டிருந்த சிறு கூட்டத்தில், முதிய உபாசிகை ஒருவர் என்னை நேரில் வினவியது. அன்று நான் கூறிய விடை பிழையானது. அப்பிழையை ஒப்புக்கொள்வதும், பின்னர்த் தேடிக் கண்டதை உங்கள்முன் வைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வம்மையார் பச்சைக் குழந்தைகளுக்கு விரிப்புத் தைப்பவர். விலைக்குத் தைப்பவர் அல்லர். தம் ஊரிலும் அயலூர்களிலும் எந்த வீட்டில் பெண்ணுக்கு ஏழாம் மாதம் பிறக்கிறதோ, அந்த வீட்டின் பழந்துணிகளைக் கேட்டு வாங்கி வருவார். பல ஆண்டு உடுத்தித் துவைத்து இழை மென்மையுற்ற வேட்டி, முண்டு, நேரியது, பாட்டியின் நூற்சேலை, தாத்தாவின் தோர்த்து ஆகிய எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறவைத்து அலசி, வெயிலில் உலர்த்துவார். நைந்த பகுதியைக் கழித்து, உரமுள்ள பகுதியைச் சதுரங்களாக வெட்டி ஒன்றோடொன்று இணைப்பார். அதனை இரண்டு மூன்று அடுக்காக வைத்து, நான்கு ஓரமும் மடித்துத் தைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நெருக்கமாக இழையோடுவார். ஒரு கெஜ நீளமும் முக்கால் கெஜ அகலமும் உள்ள அந்தச் சிறு விரிப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் உழைப்பு வேண்டும். புதுத்துணியின் கஞ்சியும் முரட்டு இழையும் இளந்தோலை உறுத்தும் என்பதை அறிந்தே நம் நாட்டுத் தாய்மார் பிறந்த குழந்தையைப் பழந்துணியில் கிடத்தி வந்தனர். அவ்வறிவு அவர் கையில் ஓர் அழகிய பொருளாகிறது.

துணிக்குப் பஞ்சமில்லாத பகுதி அது. நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே பாலராமபுரம் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து நெசவாளர் கொணரப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட ஊர் அது. அவ்வரசர் பெயரையே தாங்கி நிற்கிறது. குழித்தறியில் நெய்த அவ்வூர் வேட்டிகளும் கசவு முண்டுகளும் இன்று புவிசார் குறியீடு பெற்றவை. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடும், நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடும் சேர்ந்தன. ஆயினும் அப்பகுதி வீடுகளின் துணிப்பெட்டியை எவரும் பிரிக்கவில்லை. களியக்காவிளைக்கு மேற்கே வாங்கிய முண்டும் கிழக்கே வாங்கிய சேலையும் அவ்வம்மையாரின் விரிப்பில் அடுத்தடுத்த சதுரங்களாக அமைந்திருக்கக் கண்டேன்.

அன்று அவர் தம் தையற்பெட்டியையும் உடன் கொணர்ந்திருந்தார். பழைய பிஸ்கோத்துத் தகரப்பெட்டி. அதனைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது. மஞ்சள், கருநீலம், தளிர்ப்பச்சை எனச் சாயல் மாறி மாறி அடுக்கிய நூற்கண்டுகள். மெழுகு பூசிய காகிதத்தில் அளவு வாரியாகக் குத்தி வைத்த ஊசிகள். விரலில் இட்டுக்கொள்ளும் பித்தளைக் கவசம். ஒரு துண்டு தேன்மெழுகு. தாய்வீட்டிலிருந்து வந்த கத்தரிக்கோல். ஒவ்வொன்றையும் எடுத்து எனக்குக் காட்டிவிட்டு அவர் சொன்னார்: “ஐயா, இந்தப் பெட்டியைத் திறந்தாலே என் மனம் பூரிக்கிறது. வேலை இல்லாத நாளிலும் திறந்து பார்க்கிறேன். சந்தைக்குப் போனால் மீன் வாங்க வைத்த காசில் ஒரு நூற்கண்டு வாங்கிவிடுகிறேன். நான் சீலம் எடுத்தவள். இது ஆசைதானே? இதை விட்டுவிட வேண்டுமா?”

நான் சற்றும் சிந்தியாமல் விடை பகர்ந்தேன்: “ஆசை சிறிதாயினும் ஆசையே, அம்மா. பெட்டியை மூடி வையுங்கள்.” கூட்டத்தில் சிலர் தலையசைத்தனர். எனக்கும் நல்லதொரு விடை கூறியதாகவே மனநிறைவு உண்டாயிற்று.

அவ்வம்மையார் சொன்ன சொல்லைக் காத்தார். இடவப்பாதி மழை வந்து போயிற்று. ஐப்பசிப் பௌர்ணமிக்கு நான் மீண்டும் அவ்வூர் சென்றபோது, அன்பர் ஒருவர் இல்லத்தில் பிறந்து இருபது நாளான குழந்தையைக் காட்டினார்கள். தடித்த பிளாஸ்டிக் விரிப்பின்மேல், கடையில் வாங்கிய நைலான் கம்பளத்தில் அது கிடந்தது. முதுகெல்லாம் வேர்க்குரு. இளந்தாய் என்னை நோக்கி, குறைகூறும் குரலில் அன்று, இயல்பாகவே சொன்னாள்: “அம்மச்சி தைத்துத் தருவார்கள் என்று பழந்துணியெல்லாம் எடுத்து வைத்திருந்தோம் ஐயா. நீங்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டீர்களாம்.”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் சொல்லால் ஒரு பெட்டி மூடிற்று. பெட்டி மூடியதால் ஒரு குழந்தையின் முதுகு வெந்தது. துக்கத்தைத் தீர்க்கவென்று சொன்ன சொல் துக்கத்தைச் செய்திருக்கிறது. அப்படியாயின் அச்சொல் தம்மமா?

அவ்விடையை நான் ஏன் அத்துணை விரைவாகக் கூறினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் இருபத்திரண்டு ஆண்டு ஒரு நூற்பாலையில் கதிர்களின் நடுவே நடந்தவன். நாற்பதாம் எண் நூல் யாதென உறக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்: 840 கெஜ நீளமுள்ள சிட்டம் நாற்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, ஆகவே ஒரு பவுண்டு நூல் 33,600 கெஜம் நீளும், முப்பது கிலோமீட்டருக்கும் மேல். அறுந்த இழையை ஒரு நொடியில் பிணைக்க என் விரல் அறியும். ஆனால் அந்த இழை ஆலை வாயிலைக் கடந்து எங்கே போயிற்று, எவர் உடம்பைத் தொட்டது என்பதை ஒருநாளும் கண்டதில்லை. நூல் எனக்குப் பேரிரைச்சல். நூல் எனக்கு நெஞ்சில் படிந்த பஞ்சுத்தூள். நூல் எனக்கு மேஸ்திரியின் கணக்கு. இருபத்திரண்டு ஆண்டு நூல் நூற்ற நான் ஓர் ஊசியில் ஒருமுறையேனும் நூல் கோத்தவன் அல்லன். எனக்குக் கிட்டாத மகிழ்ச்சியை இன்னொருவர் முகத்தில் கண்டபோது அதனைக் குற்றம் என்றேன். பேசியது தம்மம் என்று எண்ணினேன். பேசியது என் உள்ளத்தின் வறட்சி.

நிற்க. பகவன் இதுபற்றி என்ன அருளினார் என்பதை விநய பிடகத்தில் தேடினேன். தேடத் தேட வியப்பே மிகுந்தது.

துறவியின் உடைமைகள் எட்டு என மரபு வகுக்கும். மூன்று சீவரம், பிச்சைப் பாத்திரம், சவரக்கத்தி, இடைக்கச்சு, நீர்வடிகட்டி ஆகியவற்றோடு எட்டாவதாக நிற்பது ஊசி. வீடு, மனைவி, மக்கள், பொன், நிலம் அனைத்தையும் துறந்தவர் ஊசியைத் துறக்கவில்லை. இன்னும் கேளுங்கள். சுள்ளவக்கத்தின் ஐந்தாம் பகுதியில் தையற்கருவிகளின் வரலாறே இருக்கிறது. பிக்குகள் முதலில் கோழி இறகாலும் மூங்கிற் சிம்பாலும் சீவரம் தைத்தனர். தையல் சீராக அமையவில்லை. ஊசிக்கு இசைவு தந்தார். ஊசி துருப்பிடித்தது; ஊசி வைக்கக் குழல் வைத்துக்கொள்ளச் சொன்னார். குழலிலும் துரு ஏறியது. மாவும் பொடியும் இட்டுக் காக்கும் வழிகளுக்கு இசைந்தார். விரலில் ஊசி குத்திப் புண்ணாயிற்று, விரற்கவசத்துக்கு இசைந்தார். ஊசியும் கத்தரியும் கவசமும் தொலைந்து போயின. அவற்றை இட்டு வைக்க ஒரு பைக்கும் இசைந்தார். உலகைத் துறந்த பெருமான் துரு ஏறிய ஓர் ஊசிக்காகவும், புண்பட்ட ஒரு விரலுக்காகவும் இவ்வளவு நேரம் செலவிட்டிருக்கிறார்! அவ்வம்மையாரின் தகரப்பெட்டியும் அப்பையும் வேறன்று.

ஆயின் எல்லையே இல்லையா? உண்டு. அவ்வெல்லை எங்கே என்பதுதான் நமக்குப் பாடம். கபிலவத்துவில் தந்தவேலைக்காரர் ஒருவர், ஊசிச்சிமிழ் வேண்டும் பிக்குகளுக்குத் தாம் செய்து தருவதாக அன்போடு அழைத்தார். பிக்குகள் அளவறியாது கேட்டனர். சிறிய சிமிழ் உடையவர் பெரியது கேட்டார். பெரியது உடையவர் சிறியது கேட்டார். அவர் சிமிழ் செய்வதிலேயே காலம் கழித்தார். விற்பனைக்கு வேறு பொருள் செய்ய இயலவில்லை. மனைவியும் மக்களும் வாடினர். ஊரார் பழித்தனர். அப்போதுதான் பகவன் விதி வகுத்தார்: எலும்பாலோ, தந்தத்தாலோ, கொம்பாலோ ஊசிச்சிமிழ் செய்வித்துக்கொள்ளும் பிக்கு அதனை உடைத்தெறிந்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளல் வேண்டும். பாதிமோக்கத்தில் பாசித்திய விதிகளுள் எண்பத்தாறாவது இது.

அன்பர்களே, இதனைக் கூர்ந்து நோக்குமின். ஊசி ஏற்கப்பட்டது, தந்தச் சிமிழ் உடைக்கப்பட்டது. ‘ஊசியைக் கண்டு மகிழாதே’ என அவர் ஓரிடத்தும் விதி செய்யவில்லை. ஒருவர் விருப்பம் இன்னொருவர் வீட்டு அடுப்பை அணைக்கும்போது விதி செய்தார். சேர்ப்பதற்காகவே சேர்ப்பதும், காட்டுவதற்காகவே வைத்திருப்பதும், அதனால் பிறர் வருந்துவதும் வேட்கையின் அடையாளங்கள். மகிழ்ச்சி மட்டும் அதன் அடையாளம் அன்று.

பாலி நூல்களும் இவ்வேறுபாட்டைப் பேணுகின்றன. ‘தண்ஹா’ எனப்படும் வேட்கை ஒன்று. ‘சந்த’ எனப்படும் விருப்பம் மற்றொன்று. விருப்பம் தீயதன்பால் செல்லவும் கூடும். நல்லதன்பால் செல்லும்போது அதனைக் ‘குசல சந்த’ என்பர். முயற்சி கைகூடுவதற்கான நான்கு அடிப்படைகளைக் கூறுமிடத்து, ஊக்கம், உள்ளம், ஆராய்ச்சி ஆகிய மூன்றுக்கும் முன்னதாக விருப்பமே வைத்து எண்ணப்பட்டுள்ளது. விருப்பமின்றிச் செய்த வேலை எத்தகையது என்பதை ஆலையில் உழைத்த எவரும் அறிவர். கோலிய நாட்டுத் தீகஜாணு என்பார் பகவனிடம் வந்து, ‘நாங்கள் மனைவி மக்களோடு இருப்போர், சந்தனம் பூசுவோர், மலர் சூடுவோர், எங்களுக்கு ஏற்ற அறத்தைக் கூறுக’ என்று வேண்டியபோது, பகவன் அவரைக் கடியவில்லை. இம்மை நலனுக்கு நான்கு நெறி கூறினார். அவற்றுள் முதலாவது, தான் செய்யும் தொழிலில் திறமும் முயற்சியும் உடையவனாதல். திறம் விருப்பமின்றி வராது. நல்ல நூற்கண்டைக் கண்டு மகிழாத கை நல்ல தையலைத் தராது.

இனி, விருப்பம் எங்கே வேட்கையாக மாறுகிறது என்பதை எவ்வாறு கண்டறிவது? இதற்கு ஏடு புரட்ட வேண்டுவதில்லை. குழந்தை விரிப்பே உரைகல்லாக நிற்கிறது.

முதலாவது கசவு. பாலராமபுரத்து முண்டில் கண்ணைக் கவர்வது பொன்னிழை ஓடிய அந்தக் கரைதான். விரிப்பின் நடுவே அதனை வைத்தால் பார்ப்பவர் வியப்பர். ஆனால் சரிகை இழை குழந்தையின் கன்னத்தைக் கீறும். குழந்தைக்காகத் தைப்பவர் கசவைக் கத்தரித்து எடுத்துவிட்டு, வெளுத்து மென்மையுற்ற நடுப்பகுதியையே வைப்பார். பார்ப்பவர் கண்ணுக்காகத் தைப்பவர் கசவை விடமாட்டார்.

இரண்டாவது மணியும் பொத்தானும். பளபளக்கும் மணிகளைக் கோத்துத் தைப்பது கைக்கு இன்பம். ஆயின் அறுந்த மணி குழந்தையின் வாய்க்குள் போகும். அபய இளவரசன் மடியில் கைக்குழந்தையோடு அமர்ந்திருந்தபோது பகவன் கேட்டார்: இக்குழந்தை ஒரு குச்சியையோ கல்லையோ வாயில் இட்டுக்கொண்டால் நீ என்ன செய்வாய்? குருதி வந்தாலும் விரல் விட்டு எடுப்பேன், ஏனெனில் குழந்தைமேல் எனக்கு இரக்கம் உண்டு என்றான் இளவரசன். இரக்கம் உடையவர் பின்னர் எடுக்க வேண்டியதை முன்னரே வைக்கமாட்டார்.

மூன்றாவது, போர்த்துவதா விரிப்பதா என்பது. ஓராண்டு நிரம்பாத குழந்தை உறங்கும்போது அதனை மல்லாத்திக் கிடத்த வேண்டும். உறுதியான, சமமான படுக்கையே தேவை. தடித்த மெத்தைபோன்ற விரிப்போ, தளர்ந்த போர்வையோ, தலையணையோ முகத்தருகே இருத்தல் ஆகாது, மூச்சடைக்கக் கூடும் என இன்றைய குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். ஆகவே நம் விரிப்பு மெல்லியதாக, கீழே விரிப்பதற்கும், குளித்த குழந்தையை ஏந்துவதற்கும், விழித்திருக்கும்போது தரையில் விளையாட விடுவதற்கும் உரியதாக அமைதல் வேண்டும். ‘நான் பாடுபட்டுத் தைத்தேன், போர்த்தியே தீர வேண்டும்’ என ஒருவர் வற்புறுத்தினால், அவர் அன்பு குழந்தையை விட்டுத் தம் தையலின்மேல் சென்றுவிட்டது.

நான்காவது ஊசிக் கணக்கு. தைக்கத் தொடங்குமுன் ஊசியையும் குண்டூசியையும் எண்ணி எடுத்து, முடிந்ததும் எண்ணி வைப்பது அவ்வம்மையாரின் வழக்கம். ஒன்று குறைந்தால் விளக்கை ஏற்றி, விரிப்பை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்காமல் உறங்கமாட்டார். சதி என்றும் நற்கடைப்பிடி என்றும் நாம் மேடையில் பேசுகிறோமே, அஃது இதுதான். ஒரு குண்டூசியின் இருப்பை மறவாத மனம் ஒரு குழந்தையின் உயிரைக் காக்கிறது.

ஐந்தாவது சேமிப்பு. ‘இது மிக நல்ல துணி, வெட்ட மனமில்லை’ என்று பத்தாண்டு பெட்டியில் பூட்டி வைத்து, ஈரமேறிப் பூஞ்சை பூத்தபின் வருந்துவோர் உளர். அங்கே ஊசி தந்தச் சிமிழாகிவிட்டது. பெட்டியைத் திறக்கும்போது வரும் பூரிப்பு குற்றமன்று. திறந்த பெட்டியிலிருந்து எதுவும் வெளியே போகாதிருப்பதே குற்றம். மீன் வாங்க வைத்த காசு பற்றியும் அவ்வம்மையார் கேட்டிருந்தார். வீட்டில் உண்போர் பசித்திராத வரையில் ஒரு நூற்கண்டு பாவமாகாது; பசித்திருப்பின், அக்கண்டும் தந்தவேலைக்காரர் வீட்டுச் சிமிழே.

இவ்வாறு நான் கண்டதை அடுத்த கூட்டத்தில் எடுத்துரைத்தபோது, படித்த இளைஞர் ஒருவர் எழுந்து வேறொரு வினா எழுப்பினார். அதில் சினம் இருந்தது. அச்சினத்தில் நியாயமும் இருந்தது. “ஐயா, நம் முன்னோருக்குக் கந்தலைத் தவிர வேறு கொடுத்தார்களா? நாம் தம்மம் ஏற்றது புதுவாழ்வுக்கு. நம் குழந்தையையும் கந்தலில் கிடத்துவதா? புதுத்துணி வாங்க இன்று நமக்குக் கையில் காசு இருக்கிறது.”

இவ்வினாவை எளிதில் தள்ள இயலாது. மனுநூலின் பத்தாம் இயல் சண்டாளருக்கு உடையாக விதித்தது பிணத்தின் துணி. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுக்கும் உரிமைக்காகப் போராடி, 1859-இல்தான் அரச ஆணை பெற்றனர். நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, தூய வெள்ளை உடையும் தலைப்பாகையும் அணிந்து 1893-இல் வில்வண்டியில் பொதுவழியே சென்றபோது, வண்டிக்கு மட்டுமன்று, அந்த வெள்ளை உடைக்கும் எதிர்ப்பு எழுந்தது. அம்மண்ணில் துணி என்பது வெறும் துணி அன்று. எவர் எதை உடுக்கலாம் என்பதில் மானிடரின் தரம் அளக்கப்பட்ட நாடு அது. ஆகவே அவ்விளைஞரின் சினத்தை நான் வணங்குகிறேன்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பிறர் நம்மேல் எறிந்த கந்தல் ஒன்று. நாமே தேர்ந்து, வெளுத்து, வெட்டி, தைத்துக்கொண்ட துணி வேறொன்று. பகவனின் சங்கத்தில் அரசகுமாரரும் குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணியை எடுத்துச் சீவரமாக்கினர். அதற்குப் பாம்சுகூலம் என்று பெயர். மனுநூல் எதனைச் சண்டாளனின் இழிவு என்று விதித்ததோ, அதனையே சாக்கியரும் பிராமணரும் நாவிதரும் தோட்டியும் ஒருங்கே தோளில் இட்டனர். எல்லாரும் ஒன்றையே உடுத்தபோது அதில் இழிவு எங்கே தங்கும்? மகத நாட்டு வயல்களைப் பாத்தியும் வரப்பும் குறுக்கு வரப்புமாகக் கண்ட பகவன், அதுபோல் துண்டு துண்டாக இணைத்துச் சீவரம் அமைக்க இயலுமா என ஆனந்தரைக் கேட்டார், ஆனந்தர் அமைத்தார். நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஏலாக்களை மேட்டில் நின்று பார்த்தவர்க்கு அவ்வடிவம் விளங்கும். துறவியின் சீவரமும் குழந்தையின் விரிப்பும் ஒரே வகுப்பைச் சேர்ந்த தையல்.

குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயரிடும் வழக்கம் நம் மக்களிடையே இருந்தது. இயமனும் விரும்பாத பொருளாகட்டும் என்பது அத்தாயின் நோக்கம் என்பர். அச்சத்தில் பிறந்த வழக்கம் அது. நாம் அதனைத் தொடர வேண்டுவதில்லை. சீன நாட்டுத் தாய்மாரோ நூறு வீடுகளில் துணித்துண்டு கேட்டுப் பெற்றுக் குழந்தைக்கு உடை தைத்தனர்; நூறு வீட்டாரின் நல்வாழ்த்து அக்குழந்தையைச் சூழ்ந்திருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அச்சமில்லாத வழி அது. நூறு வீட்டுத் துணி ஒரு விரிப்பில் சேரும்போது, தீட்டு என்ற சொல் அங்கே நிற்க இடமேது?

ஆகவே அவ்விளைஞருக்கு நான் கூறியது இதுவே: மேலிருந்து எறியப்படும் கந்தலை ஏற்காதீர். ‘பழசு இருக்கிறது, எடுத்துப் போ’ என்பவர் வாசலுக்குச் செல்லாதீர். ஆயின் உம் தாயும் பாட்டனும் உழைத்து உடுத்த துணியை, வறுமையின் சின்னம் என்று எண்ணி எரித்துவிடாதீர். உம் குழந்தையின் முதுகு முதலில் அறிய வேண்டியது அத்துணியைத்தான். புதுத்துணியும் வாங்குக, அதில் தவறில்லை. இரண்டையும் நீரே தேர்ந்துகொள்ளும் உரிமைதான் விடுதலை. ஊசியும் விடுதலைக் கருவியாகலாம். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் தம் பள்ளிச் சிறுமியர்க்குச் சரிகைப் பின்னல் கற்பித்தார். அப்பின்னலில் ஈட்டிய பொருளைக் கொடுத்து அடிமைத் தளையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தனர். அவர் சமயம் வேறு. ஆயினும் அக்கையின் நன்மை நமக்கும் நன்மையே.

இறுதியாக ஒன்று. விரிப்பு நிலையாதது. ஓராண்டில் குழந்தை வளர்ந்துவிடும். பாலும் நீரும் பட்டுத் துணி நைந்துபோகும். தைத்தவர் அதனை எண்ணி வருந்தினால் அங்கே பற்று வேர்விட்டது என்று அறியலாம். பகவன் பரிநிப்பானம் எய்தியபின், உதயண மன்னனின் தேவிமார் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடை வழங்கினர். இத்தனை ஆடையை என்ன செய்வீர் என்று மன்னன் ஐயுற்று வினவினான். சீவரம் நைந்த பிக்குகளுக்குப் பகிர்வேன் என்றார் ஆனந்தர். நைந்த சீவரங்கள்? மேல்விரிப்பாகும். நைந்த மேல்விரிப்பு? மெத்தையுறையாகும். பின்னர் தரைவிரிப்பு, பின்னர் மிதியடித் துணி, பின்னர் தூசி துடைக்கும் துணி. அதுவும் நைந்தால்? நறுக்கி, மண்ணோடு குழைத்துத் தரை மெழுகுவோம். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடை கொடுத்தான். பொருளை அதன் கடைசி இழை வரை மதித்தவர் ஆனந்தர். எந்த நிலையிலும் அதனை இறுகப் பிடித்தவர் அல்லர். கைவேலையில் மகிழும் இல்லறத்தார்க்கு இதனினும் சிறந்த வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் கற்றபின் அவ்வம்மையாரின் வீட்டுக்குச் சென்றேன். “அம்மா, நான் தவறாகச் சொல்லிவிட்டேன். பெட்டியைத் திறவுங்கள்” என்றேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அடுக்களைப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். மழைக்காலம் முழுதும் மூடிக் கிடந்ததால் இரண்டு ஊசிகளில் துரு ஏறியிருந்தது. அவற்றைத் தேய்த்துக்கொண்டே, “ஐயா, நீங்கள் மூடச் சொன்னதும் மூடினேன். ஆனால் மனத்தில் தைத்துக்கொண்டுதான் இருந்தேன். அதுதான் ஆசையோ என்று இன்னும் பயந்தேன்” என்றார். அச்சொல் என்னை மிகவும் வருத்தியது. நற்செயலைத் தடுத்ததோடு, அவ்வெண்ணத்தையே குற்றமாக்கி அவர் நெஞ்சில் வைத்திருக்கிறேன்!

கண்பார்வை இழந்த அனுருத்தர் சீவரம் தைக்க அமர்ந்து, புண்ணியம் விரும்புவோர் எவரேனும் என் ஊசியில் நூல் கோத்துத் தருவீரோ என்று கேட்டார் எனவும், பகவனே அருகில் வந்து கோத்துத் தந்தார் எனவும், சீன மொழியில் காக்கப்பட்ட ஏகோத்தர ஆகமம் கூறும். இக்கதையை அவ்வம்மையாருக்குச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டி, “எனக்கும் இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, ஐயா” என்றார். முதல்முறை தவறிற்று. இரண்டாம் முறை நூல் பிரிந்தது. தேன்மெழுகில் இழுத்துக் கோருங்கள் என்று அவர் கற்பித்தார். மூன்றாம் முறை நூல் ஊசியின் காதுக்குள் புகுந்தது. ஆலையில் எத்தனையோ ஆயிரம் கெஜம் நூற்ற என் விரல்கள் அன்றுதான், அந்த நூல் எங்கே போகிறது என்பதைக் கண்டன: மேலைத்தெருவில் மார்கழியில் பிறக்கவிருந்த ஒரு குழந்தையிடம்.

மகிழ்ச்சியைக் கண்டு அஞ்சாதீர், அன்பர்களே. அது எங்கே செல்கிறது என்று மட்டும் நோக்குமின்.

பிறந்த குழந்தைகளும் பிறக்கவிருக்கும் குழந்தைகளும் நலமுறுக! எல்லா உயிர்களும் இன்புறுக!

சாது! சாது! சாது!